இளம் பாலே குழுவுடன் வெளிநாட்டு மேடை ஏறுவது: ஒப்பந்தம் முதல் சரக்கு திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

பெரிய பாலே நிறுவனங்கள் சில, பள்ளி முடித்த கையோடு வரும் 17 முதல் 22 வயதுக்காரர்களைச் சேர்த்துத் தனியாக ஒரு சிறு குழு நடத்துகின்றன. ஆம்ஸ்டர்டாமில் டச்சு தேசிய பாலே 2013இல் தொடங்கிய ஜூனியர் கம்பெனி, மியூனிக்கில் 2010இல் வந்த பவேரிய ஜூனியர் பாலே, நியூயார்க்கில் அமெரிக்கன் பாலே தியேட்டரின் ஸ்டூடியோ கம்பெனி எல்லாம் இந்த வகை. ஹாம்பர்க்கின் புந்தெஸ்யூகென்ட் பாலேயில் ஆடுவோர் எட்டே பேர். இந்த அளவுக் குழுவால் முழுநீள பாலே எதையும் வெளியூருக்குக் கொண்டுபோக முடியாது. நாலைந்து சிறு படைப்புகளை ஒரே மாலையில் கோத்து ஆடுவதுதான் வழி. இத்துறையில் அதற்கு மிக்ஸ்டு பில் என்று பெயர்.

உதவி ஸ்டேஜ் மேனேஜராகத் தொடங்கி, பிறகு பயண ஒருங்கிணைப்பும் சேர்த்துப் பார்த்தவன் நான். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எதை முடித்த பிறகு எதைத் தொட வேண்டும் என்பதில்தான் சறுக்குவார்கள். கீழே வருவது 14 பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதியது.

1. முதலில் மேடை நேரத்தைக் குறியுங்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன் ஒரே ஒரு எண்ணைத் தாளில் எழுதுங்கள்: திரை உயர்வதற்கு முன், அந்த ஊர் மேடையில், ஆடுபவர்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? எங்கள் கணக்கில் குறைந்தது ஆறு மணி. இடம் பழக இரண்டு, விளக்கோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்க இரண்டு, முழு ஒத்திகைக்கு இரண்டு.

பத்து வருடம் ஆடியவர் புது மேடையில் அரை மணியில் பொருந்திவிடுவார். 18 வயதுக்காரருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஒத்திகை அறையில் கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர், எதிரே இருட்டைப் பார்த்தவுடன் தன் இடத்தைத் தொலைப்பார். அழைப்பவர்கள் வாடகை மிச்சமாகட்டும் என்று முதலில் குறைக்கப் பார்ப்பது இந்த ஆறு மணியைத்தான். ஆகவே அதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். இனி வரும் படிகளில் பாதி, இந்த ஆறு மணியை யாரும் தின்றுவிடாமல் காப்பதற்காகத்தான்.

2. அரங்கின் வரைபடத்தை வாங்காமல் படைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கேட்க வேண்டியவை: ஆடும் பரப்பின் அகலமும் ஆழமும், இருபக்க விங்ஸின் (மேடை ஓரத்து மறைவிடங்களின்) அகலம், பின்திரைக்குப் பின்னால் ஓடிக் கடக்க வழி உண்டா, மேடை சமதளமா சரிவா, வினைல் விரிப்புக்கு அடியில் இருப்பது என்ன.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். மேலே விரிக்கும் வினைல் வழுக்காமல் இருக்க மட்டுமே உதவும்; குதித்து இறங்கும் அதிர்ச்சியை அது வாங்காது. அந்த வேலையைச் செய்வது அதற்குக் கீழே, வளைந்து கொடுக்கும்படி கட்டிய மரத்தளம். கான்கிரீட் மேல் நேரடியாக வினைல் விரித்த மேடை என்றால், தற்காலிக மரத்தளம் போடச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் போக வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கெண்டைக்கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்த இளம் ஆட்டக்காரர் பல வாரம் ஆட முடியாது.

விங்ஸும் அப்படித்தான். விறைப்பான டூட்டூ பாவாடை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விட்டம் இருக்கும். பக்கவாட்டு விளக்குக் கம்பங்கள் நிற்கும் இடுக்கில் டூட்டூ அணிந்த இருவர் எதிரெதிரே கடக்க முடியாது. வரைபடத்தில் காகித வட்டங்களை அதே அளவுவீதத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும். பாரிஸின் பலே கார்னியே அரங்கில் சரிவு 5 சதவீதம். அதாவது 10 மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் உயர வித்தியாசம். சமதளத்தில் பழகியவர் அங்கே சுழன்றால் ஒவ்வொரு சுற்றிலும் முன்பக்கம் இழுபடுவார். ஒரே இடத்தில் 32 முறை சுழலும் ஃபுவெத்தே இருக்கிற நடனத்தை அப்படிப்பட்ட மேடைக்கு எடுத்துப்போவதானால், ஊரிலேயே சரிவான பலகை போட்டுச் சில வாரம் பழக்க வேண்டும்.

3. படைப்புத் தேர்வு, உடனே உரிமை

இங்கே புதியவர்கள் ஆசையால் தவறுவார்கள். 'லா பயடேர்' நிழல்கள் காட்சி எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் பெரிய குழுக்களில் அதற்கே 24 அல்லது 32 பெண்கள் இறங்குவார்கள். 14 பேரை வைத்து அதைச் சுருக்கினால், ஒருவர் பின் ஒருவராக முடிவில்லாமல் வரும் அந்த உணர்வே போய்விடும். 'ரேமோண்டா' மூன்றாம் அங்கத்திலிருந்து ஒரு தொகுப்பு இந்த அளவுக்குக் குறைத்தாலும் நிற்கும்.

இருவர் நடனமான பா டு டூவிலும் வயதைப் பாருங்கள். 'ஸ்வான் லேக்' கறுப்பு அன்னத்தைவிட, டென்மார்க் நடன அமைப்பாளர் பூர்னன்வில் 1858இல் அமைத்த 'ஜென்சானோ மலர்விழா' பா டு டூ இளையவர்களுக்குப் பொருத்தம். அதில் தலைக்கு மேல் தூக்கும் பெரிய தூக்கல்கள் இல்லை. வேகமான பாதவேலையும் துள்ளலும்தான் கேட்கும். அவர்களிடம் இருப்பதும் அதுதான்.

பட்டியல் முடிந்த அன்றே உரிமைக் கடிதங்கள் போக வேண்டும். பெத்திபா, பூர்னன்வில் காலத்து நடனங்களுக்கும் சாய்கோவ்ஸ்கி இசைக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் ஒலிக்கவிடும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடன அமைப்பாளர் பாலன்ஷைன் 1983இல் இறந்தவர். அவர் படைப்பு வேண்டுமென்றால் 1987இல் அமைக்கப்பட்ட ஜார்ஜ் பாலன்ஷைன் அறக்கட்டளையின் அனுமதி தேவை, கற்றுத்தர அவர்கள் அனுப்பும் ஆசிரியரும் வருவார். இசை ஸ்ட்ராவின்ஸ்கி என்றால், அவர் மறைந்தது 1971. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2041 முடியும்வரை உரிமை நீடிக்கும்.

உரிமை வாங்கும்போது நாடு, தேதி, காட்சி எண்ணிக்கை மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். சொந்த ஊரில் ஆட வாங்கிய உரிமை வெளிநாட்டுக்குச் செல்லும் என்று நினைத்து, அச்சான நிகழ்ச்சித்தாளைக் கிழித்துப் போட்ட குழுவில் நான் இருந்திருக்கிறேன்.

4. மாலையின் வரிசையைத் தரையும் தலைமுடியும் தீர்மானிக்கும்

எது முதலில் எது கடைசியில் என்பதை ரசனைப்படி முடிவுசெய்யலாம் என்று தோன்றும். அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

தரை: விரல்நுனியில் நிற்க உதவும் கெட்டி முனை கொண்ட பாயிண்ட் ஷூ அணிந்து ஆடுபவர்கள் வழுக்காமல் இருக்க ரோசின் என்ற பிசின் பொடியை ஷூவில் தேய்ப்பார்கள். அது தரையில் ஒட்டும். அதன் மேல் சாக்ஸ் அணிந்து சறுக்கி ஆடும் நவீனப் படைப்பு வந்தால், சறுக்க வேண்டிய கால் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். இடையில் இடைவேளை வைத்து ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டே தீர வேண்டும்.

முடி: இறுகக் கட்டிய கொண்டையைப் பிரித்துப் பின்னால் வாரிவிட இரண்டு நிமிடம் போதும். வியர்த்துப் பறந்த முடியைக் கொண்டையாக்க இருபது நிமிடம் ஆகும். டைட்ஸும் இப்படித்தான், கழற்றுவது எளிது, வியர்த்த காலில் ஏற்றுவது பெரும்பாடு.

பாதம்: சாக்ஸில் ஆடிச் சூடு ஆறிய பாதத்தை மறுபடி பாயிண்ட் ஷூவில் ஏற்றினால், திரும்பவும் அரை மணியாவது சூடேற்ற வேண்டும்.

மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: செவ்வியல் முதலில், நவீனம் பிறகு. நாங்கள் ஆடிய ஒரு மாலை இப்படி இருந்தது. செவ்வியல் குழு நடனம் 22 நிமிடம், உடனே பா டு டூ 10 நிமிடம். இடைவேளை 20. சாக்ஸில் ஆடும் இரண்டு நவீனப் படைப்புகள் 27 நிமிடம். மறுபடி இடைவேளை 20. மெல்லிய ஷூவில் எல்லாரும் ஆடும் நிறைவுப் படைப்பு 20 நிமிடம். மொத்தம் இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. முதல் பகுதியில் பா டு டூ நடக்கும் பத்து நிமிடத்தில் மற்ற 12 பேரும் மூச்சு வாங்கி உடை மாற்றத் தொடங்கிவிடுவார்கள்.

அழைப்பவர்கள் சிலர் கைதட்டலுக்காகப் பா டு டூவைக் கடைசியில் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இருவரையும் அதற்கு முந்தைய படைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அது முடியாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

5. ஆள் அட்டவணையும் மாற்று ஆளும்

இடமிருந்து வலமாகப் படைப்புகள், மேலிருந்து கீழாக 14 பெயர்கள். கட்டத்தில் ஆடுபவருக்குக் கறுப்பு, மாற்று ஆளுக்குச் சிவப்பு. எந்தப் பெயரின் வரிசையிலாவது மூன்று கறுப்பு அடுத்தடுத்து வந்தால் அதைக் கலையுங்கள்.

பிறகு ஒரு பரீட்சை: ஏதாவது இரண்டு பெயரை மறையுங்கள். மாலை நடக்குமா? இரண்டு பேர் விழுந்தாலும் நடக்க வேண்டும். நீண்ட விமானப் பயணம், புது மேடை, புது உணவு எல்லாம் சேரும் வாரத்தில் ஒருவராவது உட்கார நேர்வது சாதாரணம். மாற்று ஆள் நடனத்தைக் காணொளியில் பார்த்தால் போதாது. புறப்படும் முன் அந்தந்த ஜோடியோடு இரண்டு முறை முழுதாக ஆடியிருக்க வேண்டும். தூக்கும் இடத்தில் புது ஆளை முதன்முதலாக நிகழ்ச்சியன்று நிறுத்துவது ஆபத்து.

6. விசா: குழுவுக்கு ஒன்றல்ல, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று

இளம் குழுக்களில் 14 பேரிடம் பத்து நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும். குழு இருக்கும் நாட்டின் குடியிருப்பு அட்டை வேறு நாட்டில் பெரும்பாலும் உதவாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்பதால் மேடை ஏறவும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளத்துக்கு ஆடுவது வேலை.

ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இளம் குழுக்கள் மாட்டும் இடம் ஒன்று உண்டு. கலைக்குழுக்களுக்கான பி-1பி (P-1B) விசாவுக்கு, உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் குழுவில் ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இரண்டு வருடம் தங்கிப் போகும் குழுவில் ஒவ்வொரு செப்டம்பரும் பாதிப்பேர் புதியவர்கள். அக்டோபரில் பயணம் வைத்தால் கணக்கு உதைக்கும். சீசன் முடியும் தறுவாயில் வைத்தாலும் முழு வருடம் ஆகியிருக்காது. தேதி பேசும் முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

18 நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதமும், பொறுப்பாளராக ஒரு பெரியவர் பெயரும் வேண்டும். பிரிட்டனில் கட்டாயப் பள்ளி வயதுக்குள் இருப்பவர் மேடை ஏற உள்ளாட்சி உரிமம் தேவைப்படும். அதற்கும் நாள் பிடிக்கும்.

7. சரக்கு

உடையும் மேடைப் பொருளும் வரி கட்டாமல் போய்த் திரும்ப ஏ.டி.ஏ. கார்னெட் எடுப்பார்கள். வர்த்தக சபைகள் வழங்கும் இந்த ஆவணம் ஒரு வருடம் வரை செல்லும். ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கை, எடை, மதிப்போடு பட்டியலில் ஏற வேண்டும். வழங்கிய பிறகு ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. ஆகவே உடைகளைக் கவனிக்கும் வார்ட்ரோப் ஆட்கள் பெட்டி கட்டி முடித்த பிறகு பட்டியலை எழுதுங்கள். முன்கூட்டி எழுதினால், கடைசி நாளில் யாராவது பெட்டிக்குள் போடும் ஒரு மேலங்கி சுங்கத்தில் எல்லாவற்றையும் நிறுத்தும்.

தீர்ந்துபோகும் பொருள்கள் கார்னெட்டில் வராது. பாயிண்ட் ஷூ, ஒட்டுநாடா, ஒப்பனைப் பொருள் எல்லாம் அந்த வகை. ஷூவை அவரவர் பெட்டியில் பிரித்து வைப்பது நல்லது. ஒரு ஜோடி கட்டாயம் கைப்பையில். காலுக்கென்று பழக்கிய ஷூ தொலைந்தால் கடையில் வாங்கி அன்றே ஆட முடியாது. எட்டு நாள் பயணம், மூன்று காட்சி என்றால் ஒரு பெண்ணுக்கு ஆறு முதல் எட்டு ஜோடி எடுத்துப்போவோம். துணியும் காகிதமும் பசையும் சேர்ந்து இறுகியதுதான் ஷூவின் முனை. ஈரப்பதம் மிகுந்த ஊரில் அது சீக்கிரம் இளகிவிடும்.

முனையைக் கெட்டியாக்கச் சிலர் பூசும் ஷெல்லாக் திரவம் ஆல்கஹாலில் கரைத்தது, எரியக்கூடியது. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் ஏறாது. ஹேர் ஸ்ப்ரே பெட்டியில் போகும், ஆனால் ஒரு டப்பா 500 மில்லிக்கு மேல் கூடாது. பிசியோதெரபிஸ்ட்டின் மருந்துப் பெட்டியையும் போகும் நாட்டின் சட்டத்தோடு ஒப்பிடுங்கள்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை ஜப்பானுக்குள் தடை.

டூட்டூவை மடிக்காதீர்கள். வட்டமான தட்டைப் பையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

8. இறங்கிய நாள்

அன்று பாயிண்ட் ஷூ வேண்டாம். நெடும்பயணத்தில் பாதம் வீங்கியிருக்கும். இறுக்கமான ஷூ கொப்புளம் கட்டும். அழுத்தும் சாக்ஸ் அணிந்து பயணம், இறங்கியதும் நடை, மாலையில் முக்கால் மணி நேரம் பார் எனும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மெதுவான கிளாஸ் (பயிற்சி வகுப்பு), அவ்வளவுதான். அழைத்தவர்கள் வரவேற்பு விருந்து வைக்க விரும்பினால் காட்சி முடிந்த இரவுக்குத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். நேர மண்டலம் ஆறு தாண்டினால் இரண்டு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

9. மேடை கட்டும் வரிசை

குழு ஓய்வெடுக்கும்போது தொழில்நுட்ப ஆட்கள் அரங்குக்குள் போவார்கள். வரிசை இதுதான்:

முதலில் உடைகளை வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். டூட்டூவைத் தலைகீழாக. நேரம் செல்லச் செல்லப் பாதிச் சுருக்கம் தானே போய்விடும்.

அடுத்து விளக்கும் திரையும் மேலே ஏற வேண்டும். பாலேவுக்கு உயிர் பக்கவாட்டு விளக்கு. உடலின் வளைவைக் காட்டுவது அதுதான். முன்னாலிருந்து மட்டும் அடித்தால் எல்லாரும் தட்டையாகத் தெரிவார்கள்.

அதற்கடுத்து விளக்குகளைத் திருப்பிக் குறிவைக்கும் வேலை. இது முடிந்த பிறகே வினைல் விரிக்க வேண்டும். புதியவர்கள் தரையை முதலில் விரித்துவிடுகிறார்கள். பிறகு ஏணி வண்டியின் சக்கரம் அதன் மேல் ஏறிக் கிழிக்கிறது. கிழிசலில் பாயிண்ட் ஷூ மாட்டினால் கணுக்கால் போய்விடும்.

விரித்த சுருள் ஓரிரவாவது கிடந்து தளர வேண்டும். உடனே நாடா ஒட்டினால் மறுநாள் விளக்குச் சூட்டில் விரிந்து நடுவில் உப்பும். காலையில் ஒட்டி, துடைத்து, முன்விளிம்பில் நடுவிலும், அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் புள்ளி குறியுங்கள்.

இப்போதுதான் அந்த ஆறு மணி தொடங்குகிறது. முதல் இரண்டு மணியில் இசையோ உடையோ வேண்டாம். ஒவ்வொரு படைப்பையும் நடந்து பார்த்து, யார் எந்தப் புள்ளியில் என்று பேசித் தீர்க்க வேண்டும். சொந்த ஊர் மேடையைவிட ஒரு மீட்டர் குறுகலாக இருந்தால், இரு ஓரத்து ஆட்கள் மட்டும் உள்ளே வருவதை அனுமதிக்காதீர்கள். எல்லாரும் சமமாக நெருங்க வேண்டும். இல்லையென்றால் கோடு கோணும். விங்ஸுக்குள் ஓடி மறையும் இடங்களை முழு வேகத்தில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்குக் கம்பத்தில் மோதுவது அங்கேதான் நடக்கும்.

இசைக்கோப்புகளைத் தனித்தனி இரு கருவிகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: ஆள் நின்ற பிறகு இசையா, இசை தொடங்கிய பிறகு ஆளா. மிக்ஸ்டு பில்லில் ஐந்து படைப்பும் ஐந்து விதமாகத் தொடங்கும். ஒலிக் கருவியை இயக்கும் உள்ளூர்க்காரருக்கு இது தெரிய வழியில்லை.

10. நிகழ்ச்சி நாள்

காலையில் மேடையில் கிளாஸ். அதற்கு ஒரு மணி முன்பே மேடைப் பக்கக் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வெப்ப நாடுகளில் அரங்கை நடுங்கும் அளவுக்குக் குளிர வைப்பார்கள். குளிர்ந்த தசை கிழியும். மேடையில் 20 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவோம்.

முழு ஒத்திகையைத் திரை உயர நான்கு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். பிறகு திருத்தங்கள் மூன்றே மூன்று சொல்லலாம். பாலே மாஸ்டர்கள் தாள் நிறையக் குறிப்போடு வருவார்கள். அன்று அவ்வளவையும் கொட்டினால் இளையவர்கள் மேடையில் யோசித்துக்கொண்டே ஆடுவார்கள். மிச்சம் மறுநாள் கிளாஸில்.

காட்சி தொடங்கும் முன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் அரை மணி அழைப்புக்கு முன் ஸ்டேஜ் மேனேஜர் தரையை வெறும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி, கொண்டை ஊசி, உடையிலிருந்து விழுந்த பாசிமணி எல்லாம் கையில்தான் தட்டுப்படும்.

இடைவேளையில் தரை துடைக்கும் ஆளின் பெயரை முன்பே எழுதிவையுங்கள். உள்ளூர்க்காரர் செய்வார் என்று நாங்களும், நாங்கள் செய்வோம் என்று அவர்களும் இருந்த ஒரு மாலையில், நவீனப் படைப்பின் முதல் சறுக்கலிலேயே 19 வயதுப் பையன் முழங்காலில் விழுந்தான். எழுந்து ஆடி முடித்தான். மறுநாள் அவனால் படி இறங்க முடியவில்லை. அன்றிலிருந்து துடைப்பானை நானே கையில் எடுத்துக்கொள்கிறேன்.

11. கலைத்துத் திரும்புதல்

வியர்த்த உடையை அப்படியே பெட்டியில் அடைக்காதீர்கள். துவைக்க முடியாத பாடிஸ்களின் (உடலோடு இறுகும் மேலுடைகளின்) உட்புறத்தில் வோட்காவும் தண்ணீரும் கலந்து தெளித்துக் காற்றில் ஆறவிடுவது வார்ட்ரோப் வழக்கம், நாற்றம் போகும். மது கிடைக்காத நாட்டுக்குப் போனால் அதற்குப் பதிலாக எதைத் தெளிக்கலாம் என்று முன்பே கேட்டுவையுங்கள்.

கார்னெட் பட்டியலை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பொருளைத் தொட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். போனது அத்தனையும் திரும்பியாக வேண்டும். ஒரு கிரீடம் குறைந்தாலும் வரி கேட்பார்கள். நாட்டைவிட்டு வெளியேறும்போது மறு ஏற்றுமதி முத்திரை விழுந்ததா என்று அங்கேயே தாளைப் புரட்டிப் பாருங்கள். அதிகாலை விமானமென்றால் சுங்க மேசையில் ஆள் இருப்பாரா என்று முந்தின நாளே விசாரித்துவிட வேண்டும்.